வானம் ஒருமுறை சொன்னால் போதும்

பாப்பிரெட்டிப்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் மாட்டிய ஃப்ரீ டிஷ்கள் அத்தனையும் ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தென்கிழக்கில், நன்றாக அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். அந்தச் சேனல்களைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. நம் ஊர் 78 பாகையை ஒட்டி இருக்கிறது. கணக்குப் போட்டால் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 67 பாகை உயரம். ஏற்காடு மலை எங்களுக்குத் தென்மேற்கில் மறித்து நின்றாலும் டிவி சிக்னலுக்குக் குறுக்கே வராததன் காரணம் இதுதான். வாணியாறு அணைப் பக்கத்து வீட்டிலும் படம் சுத்தமாக வரும். சித்தேரி மலையில் செல்போனில் ஒரு கோடுகூட ஏறாத இடத்திலும் வரும்.

அங்கேதான் கேள்வியும் வரும். “அண்ணே, டிவி இவ்ளோ தெளிவா வருதே, இதே டிஷ்ல நெட்டையும் குடுத்துட்டா புள்ளைங்க பாறை மேல ஏறி சிக்னல் தேட வேண்டாமே?” மலைக் கிராமத்துக்கு டிஷ் மாட்டப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்வி. டிவி வருவதும் வானத்திலிருந்து, செயற்கைக்கோள் நெட் வருவதும் வானத்திலிருந்து. ஒன்று மாதக் கட்டணமே இல்லாமல் கோடிக்கணக்கான வீடுகளுக்கு வருகிறது. இன்னொன்று விலை கூடுதல், ஆட்கள் கூடக் கூட வேகம் குறைகிறது. ஏன்?

கேட்கிறவர் எத்தனை பேர்?

மேலே நிற்கும் செயற்கைக்கோள் ஒருமுறை பேசினால் நாடு முழுக்கக் கேட்கும். கேட்கிறவர் ஒருவரா ஒரு கோடிப் பேரா என்பது அதற்குத் தெரியாது; அதனால் செலவும் ஏறாது. தண்டோரா போடுகிறவர் தெருமுனையில் நின்று ஒரே குரலில் ஊருக்கே சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதே ஆளை வீட்டுக்கு வீடு நிறுத்தி, அவரவர் கேட்கும் தனித்தனிச் சேதியைச் சொல்லிவிட்டு வரச் சொன்னால் பொழுது போதாது. டிவி முதல் வகை. இன்டர்நெட் இரண்டாவது வகை. நீங்கள் கேட்ட வீடியோ உங்களுக்கு மட்டும், நான் கேட்டது எனக்கு மட்டும். இருவரும் கேட்டது ஒரே வீடியோவாக இருந்தாலும் அது இரண்டு முறை இறங்கும்.

தூரம் வேறு இருக்கிறது. ஜிசாட்-15 போன்றவை நிற்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். நாம் “கொடு” என்று கேட்பது மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதேபோல் மேலே ஏறி நம்மிடம் வந்து சேர ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். ஒரு இணையப் பக்கம் திறக்க இப்படிப் பலமுறை கேட்டுப் பதில் வாங்க வேண்டியிருக்கும்.

இதற்கு உலகம் கண்டுபிடித்திருக்கும் வழி எளிமையானது. பலரும் கேட்கப் போவது எது என்று முன்பே யூகித்து, அதை ஒருமுறை மட்டும் மேலிருந்து எல்லோருக்கும் இறக்கு. கீழே அங்கங்கே ஒரு பெட்டியில் சேமித்து வை. கேட்கும் நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடு. இந்தச் சேமிப்புக்குக் ‘கேஷிங்’ என்று பெயர். புத்தகத்தில் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே இதைக் கண்ணால் பார்த்த இடம் எனக்கு ஒன்று உண்டு. சினிமா தியேட்டர்.

சேலம் ஏரியா

டிஷ் வேலைக்கு வருவதற்கு முன் நான் தியேட்டர் ஆபரேட்டர். சினிமா விநியோகத்தில் தமிழ்நாடு பல ஏரியாக்களாகப் பிரிந்திருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேலம் ஏரியாவில் அடக்கம். பெட்டி சேலத்திலிருந்து பஸ் மேலே ஏறி, மஞ்சவாடிக் கணவாய் தாண்டி எங்களுக்கு வரும். ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பிரிண்ட் போடச் செலவு அதிகம் என்பதால் கணக்காகத்தான் போடுவார்கள். சென்னை, சேலம் போன்ற ஏ சென்டர்களில் ஓடி முடித்து, பி சென்டரில் தேய்ந்து, அப்புறம்தான் எங்களைப் போன்ற சி சென்டருக்கு வரும். மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த படத்தை ‘புத்தம் புதிய காப்பி’ என்று போஸ்டர் ஒட்டி ஓட்டியிருக்கிறோம்.

ஒரே பெட்டியை இரண்டு ஊரில் ஒரே நாளில் ஓட்டுவதும் நடக்கும். முதல் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல்களைக் கட்டிக்கொண்டு ஒருவன் டிவிஎஸ் 50-யில் அடுத்த ஊருக்குப் பறப்பான். வழியில் வண்டி பஞ்சரானால் அங்கே இடைவேளை நீண்டுகொண்டே போகும்.

2005 வாக்கில் இந்தத் தொழில் புரண்டது. மும்பையின் யுஎஃப்ஓ மூவீஸ் நிறுவனம் படத்தைச் செயற்கைக்கோள் வழியாகவே தியேட்டர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் முறையில் படம் ஹார்ட் டிஸ்க்கில் வந்தது. எப்படி வந்தாலும் கீழே நடப்பது ஒன்றுதான்: படம் பூட்டு போட்ட நிலையில் தியேட்டர் சர்வருக்குள் போய் உட்கார்ந்துவிடும். எந்தத் திரையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓட்டலாம் என்று திறந்துவிடும் சாவி தனியாக வரும். டிஜிட்டல் சினிமாவில் அதற்குக் கேடிஎம் என்று பெயர்.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் பிரிவினைதான். கனமான சரக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஆறஅமர வந்து சேர்ந்துவிடுகிறது. கடைசி நேரத்தில் வர வேண்டியது ஒரு கடிதம் அளவுகூட இல்லாத சாவி மட்டும். பைனான்ஸ் தகராறில் அந்தச் சாவி வராமல் காலைக் காட்சி ரத்தான கதைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அப்போதும் படம் என்னவோ தியேட்டருக்குள்ளேயேதான் இருக்கும். சி சென்டர் என்ற பேச்சும் இதோடு ஒழிந்தது. சென்னை பார்க்கும் அதே வெள்ளிக்கிழமை அதே தெளிவில் இங்கேயும் ஓடியது.

ஒரு கணக்கு

டிஜிட்டல் சினிமாவுக்கு உலக அளவில் வகுத்த தரத்தில் படம் அதிகபட்சம் விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். அந்த உச்ச அளவில் இரண்டரை மணி நேரப் படம் ஏறக்குறைய 280 ஜிபி. செயற்கைக்கோளில் ஒரு டிரான்ஸ்பாண்டர் விநாடிக்கு 60 மெகாபிட் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் முழுவதும் இறங்கப் பத்தரை மணி நேரம் ஆகும். 300 தியேட்டருக்குத் தனித்தனியாக அனுப்பினால் நாலு மாதத்துக்கு மேல். முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் கேட்டுச் சேமித்துக்கொண்டால் அதே பத்தரை மணி நேரம்தான். முந்நூறு மூவாயிரம் ஆனாலும் பத்தரைதான்.

அந்தப் பத்தரை மணி நேரமும் படம் பார்க்கும் நேரமாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி போக்குவரத்து குறைந்த வேளையில் சொட்டுச் சொட்டாக இறக்கலாம். பிரிட்டனில் ஸ்கை நிறுவனம் 2007-ல் வீடுகளின் செட்டாப் பாக்ஸ் ஹார்ட் டிஸ்க்கில் இரவோடு இரவாக நிகழ்ச்சிகளை இறக்கி வைத்தது. நெட்ஃபிளிக்ஸ் 2012-ல் அறிவித்த ‘ஓப்பன் கனெக்ட்’ பெட்டிகளும், கம்பி வழி இணையத்தில், இதே வேலையைத்தான் செய்கின்றன. அந்தந்த ஊர் இணைய நிறுவனத்தின் அறையில் உட்கார்ந்துகொண்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் நிரப்பிக்கொள்கின்றன. நாம் பட்டனை அழுத்தும்போது படம் அமெரிக்காவிலிருந்து கிளம்புவதில்லை.

பெட்டி இனாமாக வராது. யாராவது வாங்க வேண்டும், யாராவது பராமரிக்க வேண்டும். 2018 மார்ச் 1-ஆம் தேதி தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை வெளியிடுவதை நிறுத்தினார்கள். ஏப்ரலில்தான் சமரசம் வந்தது. அந்தச் சண்டையின் நடுவில் இருந்தது டிஜிட்டல் நிறுவனங்கள் படத்துக்குப் படம் வாங்கிய கட்டணம். சேமிப்புப் பெட்டிக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி இந்தத் தொழிலில் எப்போதும் உண்டு.

மழை வந்தால்

ஐப்பசி மழையில் டிவி நின்றுபோவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டிஷ் டிவி பயன்படுத்தும் கேயூ அலைவரிசையை மழைத்துளி விழுங்கும். நேரலை என்றால் போனது போனதுதான். சேமிப்புக்கு இறங்கும் படத்தில் ஒரு துண்டு போனாலும் இறக்கியது முழுதும் வீண். அரூரில் ஒரு துண்டு போயிருக்கும், ஊத்தங்கரையில் வேறொரு துண்டு போயிருக்கும். ஒவ்வொருவரும் “எனக்கு இதைத் திருப்பி அனுப்பு” என்று மேலே கேட்க ஆரம்பித்தால், வீட்டுக்கு வீடு நிற்கும் பழைய வேலைதான்.

சேலத்தில் இன்ஜினியரிங் படித்த என் அக்கா மகனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “மாமா, நீங்க ரெண்டு ஊர்ல ரீல் மாத்தி ஓட்டுன ஆளுதானே? இதைப் பாருங்க” என்று ஒரு தாளை எடுத்தான்.

“அரூர்ல ஏழாவது ரீல் இல்ல, ஒன்பதாவது இருக்கு. ஊத்தங்கரையில ஏழு இருக்கு, ஒன்பது இல்ல. நீங்க என்ன அனுப்புவீங்க?”

“ரெண்டையும் அனுப்பணும். வேற வழி?”

“ஒண்ணு போதும் மாமா. ஏழாவது ரீல்ல இருக்கறது 25-ங்கிற எண், ஒன்பதுல இருக்கறது 40-ன்னு வச்சுக்குங்க. ரெண்டையும் கூட்டி 65-ன்னு மட்டும் மேலேருந்து சொல்லுங்க. அரூர்காரன்கிட்ட 40 இருக்கு. கழிச்சா 25 கிடைச்சிடும். ஊத்தங்கரைக்காரன்கிட்ட 25 இருக்கு. கழிச்சா 40.”

ஒரு தாளில் அடங்கிவிட்டது. டிஜிட்டலில் ரீலும் எண்தானே. இஸ்ரேலின் டெக்னியான் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த யிட்ஸாக் பிர்க், டோமர் கோல் இருவரும் 1998-ல் எழுதிய ஆய்வில் இருப்பது இதுதான். அவர்கள் மனத்தில் வைத்து எழுதியதும், சேமிப்பு வசதியுள்ள பல பெட்டிகளுக்கு ஒரே செயற்கைக்கோள் ஒலிபரப்பும் நிலைமையைத்தான். யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஒரே பேச்சில் இருவருக்கும் வேண்டியதைத் தந்துவிடலாம்.

யாரிடம் என்ன இல்லை என்றே தெரியாதபோது இன்னொரு வழி. படத்தை ஆயிரம் துண்டாக்கி, துண்டுகளை வரிசையாக அனுப்பாமல், பலவிதமாகக் கலந்து கலந்து அனுப்பிக்கொண்டே இருப்பது. ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எந்தக் கலவைகள் கிடைத்தாலும் முழுப் படத்தையும் மீட்டுவிடலாம். மழையில் நூறு போனதா? கூட நூறு பிடித்துக்கொள். எந்த நூறு என்ற கவலை வேண்டாம். மைக்கேல் லூபி 2002-ல் வெளியிட்ட இந்த முறைக்கு ‘ஃபவுன்டன் கோடு’ என்று பெயர். பிறகு அமீன் ஷோக்ரொல்லாஹி அதை மேலும் கூர்மையாக்கினார்.

2014-ல் முகமது அலி மத்தா-அலி, உர்ஸ் நீசன் என்ற இருவர் ஒருபடி மேலே போனார்கள். கலந்து அனுப்பும் வாய்ப்பு தானாக அமையும் வரை ஏன் காத்திருக்க வேண்டும், சேமிக்கும்போதே அதற்கு ஏற்பாடு செய்யலாமே என்றார்கள். இரண்டு பள்ளிக்கூடம், கணக்கு, அறிவியல் என்று இரண்டு பாடம், ஒவ்வொரு பள்ளிப் பெட்டியிலும் ஒரு பாடத்துக்கு மட்டும் இடம். முதல் பள்ளியில் இரண்டு பாடத்திலும் முன்பாதியை வை. இரண்டாவது பள்ளியில் இரண்டிலும் பின்பாதியை வை. காலையில் முதல் பள்ளி கணக்கும், இரண்டாவது அறிவியலும் கேட்டால், ஒன்றுக்கு வேண்டியது மற்றதிடம் இருக்கிறது. இரண்டு பாதியையும் கூட்டி ஒரே ஒரு பாதியளவு அனுப்பினால் இருவர் வேலையும் முடிந்தது. இரண்டு பள்ளியிலும் ஒரே முன்பாதியை வைத்திருந்தால் இதைப்போல இரு மடங்கு அனுப்ப வேண்டியிருக்கும். பெட்டியின் அளவு அதேதான். எதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் லாபம்.

எதை வைப்பது?

பெட்டியில் இடம் குறைவு. உலகத்தில் வீடியோ ஏராளம். ஆனாலும் ஜனங்கள் பார்ப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கொஞ்சமே கொஞ்சம் படங்களைத்தான் பெரும்பாலானோர் பார்க்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இடம் நிறைந்தால், வெகுநாளாக யாரும் தொடாததை அழித்துவிட்டுப் புதியதை வைப்பது வழக்கமான முறை. தியேட்டர் சர்வரிலும் ஓட்டம் முடிந்த படத்தை அழித்துத்தான் அடுத்ததற்கு இடம் பண்ணுவோம்.

சிக்கல், அந்தக் கொஞ்சம் எது என்று யார் சொல்வது என்பதில் இருக்கிறது. நாடு முழுக்கக் கூட்டி முதல் நூறு எடுத்தால் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வேண்டியது அதில் வராமல் போகலாம். மஞ்சள் விலை, மரவள்ளிக்கு வரும் மாவுப்பூச்சி, பத்தாம் வகுப்புத் தமிழ்வழிக் கணக்கு எல்லாம் டெல்லிப் பட்டியலில் எங்கே இருக்கும்?

புதிய செயற்கைக்கோள்கள் இதை வேறு மாதிரி மாற்றுகின்றன. 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஏவிய ஜிசாட்-என்2 நாட்டை 32 வட்டங்களாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்கும் தனிக் கதிர் வீசுகிறது. மொத்தத் திறன் விநாடிக்கு 48 ஜிகாபிட். ஒரே அலைவரிசையைப் பல வட்டங்களில் மறுபடி மறுபடி பயன்படுத்த முடிவதால் ஆளுக்கு ஆள் பேசும் இன்டர்நெட்டுக்கு இது அருமை. ஆனால் நாடு முழுக்க ஒரே படத்தைச் சொல்ல வேண்டுமானால் 32 வட்டத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் போக வேண்டிய தமிழ்ப் பாடத்துக்கோ சிறிய வட்டமே வசதி.

இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் வேறு ரகம். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தாமதம் வெகு குறைவு. சேமிப்புப் பெட்டியை அந்தச் செயற்கைக்கோளிலேயே வைத்துவிடலாமா என்று ஆய்வாளர்கள் யோசித்து வருகிறார்கள். சங்கடம் என்னவென்றால் அது நிற்காது. சில நிமிடத்தில் நம் தலையைத் தாண்டிவிடும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 95 நிமிடம்; அதற்குள் பூமி உருண்டிருப்பதால் அடுத்த முறை நம் அட்சரேகையை அது கடப்பது அரபிக்கடலில் சோகோத்ரா தீவுக்குப் பக்கத்தில். நமக்காகத் தமிழ்ப் படம் சுமந்து போனால் அங்கே கேட்பார் யார்? பின்னால் வரும் செயற்கைக்கோளுக்கு லேசர் வழியாகக் கைமாற்றிவிட்டுப் போக வேண்டும். தரையில் இருக்கும் பெட்டிக்கு இந்த அலைச்சல் இல்லை.

ஆறு முறை எதற்கு?

பாடத்தை வானத்திலிருந்து இறக்குவது நம் நாட்டுக்குப் பழைய வேலை. 1975–76-ல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அதில் இல்லை. 2004 செப்டம்பர் 20-ல் கல்விக்கென்றே எடுசாட் ஏவப்பட்டது. 2017 ஜூலையில் ஜிசாட்-15 வழியாக ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள் வந்தன. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது.

ஸ்வயம் பிரபாவின் ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஒரு சேனலில் ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு மணி நேரம் புதுப் பாடம். அதையே அன்று இன்னும் ஐந்து முறை திருப்பிப் போடுகிறார்கள். மாணவர் தனக்குத் தோதான நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். கீழே சேமிக்கப் பெட்டி இல்லாததால் வானமே ஆறு முறை சொல்லிக்கொண்டிருக்கிறது.

மலைமேல் ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடம் கேட்டது இன்டர்நெட். நான் மாட்டிக் கொடுத்தது ஒரு டிஷ், யுஎஸ்பியில் பதிவு செய்யும் வசதியுள்ள செட்டாப் பாக்ஸ், 64 ஜிபி பென் டிரைவ். சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரப் பாடம் ஒரு ஜிபிக்கு முன்னேபின்னே ஆகும். அறுபது மணி நேரப் பாடம் அதில் தங்கும். ராத்திரிக்கு டைமர் வைத்துவிட்டால் காலையில் பாடம் தயார். ஓடும் சேனலை நிறுத்த முடியாது. பதிந்த பாடத்தை நிறுத்தலாம். புரியாத இடத்தில் நிறுத்தி, பலகையில் போட்டுக் காட்டி, மறுபடி ஓட்டலாம். “இப்ப நம்ம புள்ளைங்களுக்கு ஏத்த வேகத்துல ஓடுதுங்க” என்றார் ஆசிரியர். அவருடைய குறை வேறு. பதிவதற்கு வரும் பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலமும் இந்தியும்.

அந்தக் குறைக்கு வழியும் இங்கேயே இருக்கிறது. மலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பெட்டி இருந்துவிட்டால், திருப்பிப் போடும் ஐந்து முறைக்கு வேலையில்லை. ஒரு சேனலில் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் மிச்சம். அதற்குப் புதுச் செயற்கைக்கோள் வேண்டாம், புது உரிமம் வேண்டாம். வேண்டியது கீழே கொஞ்சம் ஹார்ட் டிஸ்க்கும், மிச்சமாகும் நேரத்தில் தமிழ்வழிக் கணக்கும் அறிவியலும் போடலாம் என்று மேலே முடிவெடுக்க ஒரு ஆளும்.